எடை சரி, முடிச்சு தப்பு: பெப்டைடு மருந்தின் உருவத்தைத் தராசு எப்படிப் பார்க்கும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். வீட்டுல பழைய ஒயர் இயர்போன் இருந்தா எடுங்க. சிக்கு எல்லாம் எடுத்து, நேரா நீட்டி, சமையலறைத் தராசுல வைங்க. 15 கிராம் காட்டுதுன்னு வச்சுக்குவோம். இப்போ அதைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு பஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வெளியே எடுத்தா என்ன நிலைமையில இருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். ஏழெட்டு முடிச்சு விழுந்திருக்கும். மறுபடி தராசுல வைங்க. அதே 15 கிராம்.

தராசுக்கு முடிச்சு தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்.

நான் மருந்துக் கண்டுபிடிப்பு சம்பந்தப்பட்ட ஒரு ஆய்வகத்துல மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இயக்குற வேலை பார்க்கிறேன். தமிழ்ப் பாடப்புத்தகத்துல அதை நிறை நிறமாலைமானின்னு படிச்சிருப்பீங்க. சுருக்கமா சொன்னா, மூலக்கூறுகளுக்கான தராசு. ஆனா எங்க வேலையில பாதி நேரம் எங்களுக்குத் தேவைப்படுறது எடை இல்லை, முடிச்சு. தராசை வச்சுக்கிட்டு முடிச்சைக் கண்டுபிடிக்கிறது எப்படி? அதுவும் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான மாதிரிகள்ல? இதுதான் இன்னைக்குப் பேச்சு. நடுவுல நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லப்போறேன்.

பெப்டைடுன்னா என்ன, அதுல என்ன கஷ்டம்?

அமினோ அமிலங்களை மணி மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்தா வர்ற சங்கிலிதான் பெப்டைடு. சங்கிலி ரொம்ப நீளமா இருந்தா புரதம்னு சொல்றோம். பெப்டைடு அதோட குட்டித் தங்கை. 51 அமினோ அமிலம் இருக்கிற இன்சுலின், ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கோட்டுல நிக்குது.

இப்போ உடல் எடை குறைக்கிற ஊசின்னு எல்லாரும் பேசுற செமாக்ளுடைடும் பெப்டைடுதான். நம்ம குடல்லயே சுரக்கிற ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் பார்த்துச் செஞ்சது. இயற்கையான ஹார்மோன் ரத்தத்துல ஓரிரு நிமிஷத்துலயே பாதி காலி. செமாக்ளுடைடு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு அமினோ அமிலத்தை இங்கே மாத்தி, ஒரு கொழுப்பு அமில வாலை அங்கே ஒட்டவச்சு, என்சைம் கடிக்கிற இடத்தை அடைச்சதால வந்த வித்தியாசம் அது.

சரி, ஏன் ஊசி? மாத்திரையா கொடுத்தா என்ன? மாத்திரையும் இருக்கு. ஆனா கணக்கைப் பாருங்க. ஊசியா போட்டா வாரத்துக்கு 1 மில்லிகிராம் அளவுல வேலை நடக்குது. மாத்திரைன்னா, ஒரு நாளைக்கு 14 மில்லிகிராம்னு வச்சுக்கிட்டா, வாரத்துக்கு 98 மில்லிகிராம் விழுங்கணும். அதுல ஒரு சதவீதத்துக்கும் குறைவாத்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேருது. மிச்சத்தை வயிறும் குடலும் சாப்பாடுன்னு நினைச்சு செரிச்சுடுது.

இதுக்கு விதிவிலக்கும் இருக்கு. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கிற சைக்ளோஸ்போரின். அது 11 அமினோ அமிலம் வளையமா சேர்ந்த பெப்டைடு. ஒரு பூஞ்சைகிட்ட இருந்து கிடைச்சது. வாய் வழியாகவே எடுத்துக்கலாம். காரணம் அதோட குணம். எண்ணெய்த்தன்மை உள்ள செல் சவ்வுக்குள்ள நுழையும்போது, தண்ணிக்குப் பிரியமான பகுதிகளை உள்பக்கம் மடிச்சு, தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கும். தண்ணிக்குள்ள வந்தா வேற உருவத்துக்கு மாறிக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு வச்சிருக்கிற பேரே பச்சோந்தி குணம்.

ஆக, பெப்டைடுல எந்தெந்த மணி இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதாது. எப்படி மடிஞ்சிருக்குன்னு தெரியணும். ஊசியா மாத்திரையா, மருந்தா வெறும் தூளாங்கிறதை மடிப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்குது.

ஒரே எடை, 15 முகம்

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒரு நத்தை. கோனஸ் மேகஸ்ங்கிற கடல் கூம்பு நத்தை. மீனை விஷ ஊசியால குத்திப் பிடிக்கும். அதோட விஷத்துல இருக்கிற ஒரு பெப்டைடு, அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல பால்டமேரோ ஒலிவேராவோட ஆய்வகத்துல கண்டுபிடிக்கப்பட்டது. அதே பெப்டைடைச் செயற்கையா செஞ்சதுதான் சைகோனோடைடுங்கிற வலி நிவாரணி. 2004 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. மார்பினுக்கும் அடங்காத கடுமையான வலிக்கு, தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற திரவத்துல நேரடியா செலுத்துவாங்க.

இதுல 25 அமினோ அமிலம். அதுல 6 சிஸ்டைன். சிஸ்டைன்னா கொக்கி வச்ச மணின்னு நினைச்சுக்குங்க. ரெண்டு கொக்கி சேர்ந்தா ஒரு டைசல்பைடு பாலம். ஆறு கொக்கியில மூணு பாலம். எந்தக் கொக்கி எதோட சேரலாம்? முதல் கொக்கிக்கு 5 வாய்ப்பு. மிச்சம் இருக்கிற நாலுல ஒண்ணுக்கு 3 வாய்ப்பு. கடைசி ரெண்டுக்கு வேற வழி இல்லை. 5 பெருக்கல் 3, மொத்தம் 15 விதம்.

நத்தை போடுறது ஒரே ஒரு விதம்தான்: முதலாவது கொக்கி நாலாவதோட, ரெண்டாவது அஞ்சாவதோட, மூணாவது ஆறாவதோட. அந்த 15 விதத்துக்கும் அணுக்கள் ஒண்ணுதான், எடையும் ஒண்ணுதான், சுமார் 2,639 டால்டன். தராசுல வச்சா ஒரு வித்தியாசமும் தெரியாது. வலியைக் குறைக்கிற அளவுக்கு நரம்புல உள்ள கால்சியம் வாயிலை நல்லா அடைக்கணும்னா சரியான முடிச்சு வேணும்.

நான் போட்ட டிக்

இப்போ என் கதை. வேலையில சேர்ந்த புதுசு. வேதியியல் குழு ஒரு பிளேட் நிறைய பெப்டைடுகளை அனுப்புவாங்க. நான் மெஷின்ல ஓட்டி, எதிர்பார்த்த எடை வருதான்னு பார்ப்பேன். வந்தா டிக். அதுக்கப்புறம் உயிரியல் குழு அந்த மாதிரிகளை எடுத்து, இலக்குப் புரதத்தோட ஒட்டுதான்னு பார்ப்பாங்க.

ஒரு பெப்டைடுல நாலு சிஸ்டைன், ரெண்டு பாலம். அப்போ மூணு விதம்தான் சாத்தியம். கூம்பு நத்தைப் பெப்டைடுகள்ல இந்த மூணுக்கும் பேரே இருக்கு: கோளம், ரிப்பன், மணி. என் மெஷின்ல எடை கச்சிதமா வந்துச்சு. ஒரு பாலம் உருவாகும்போது 2 ஹைட்ரஜன் வெளியேறும், எடை 2 டால்டன் குறையும். ரெண்டு பாலத்துக்கு 4 டால்டன் குறையணும். குறைஞ்சிருந்தது. அதனால பாலம் ரெண்டும் போட்டாச்சுன்னு எனக்குத் தெரியும். சந்தோஷமா டிக் போட்டேன்.

உயிரியல் குழு சோதிச்சாங்க. ஒட்டவே இல்லை. "வேலை செய்யல"ன்னு பட்டியல்ல எழுதினாங்க. அந்த வடிவமைப்பை ஒட்டி இருந்த மத்த மூலக்கூறுகளையும் சேர்த்து ஓரம் கட்டினாங்க. அது சரியான முடிவுதான். கையில இருந்த தகவல் அவ்வளவுதான்.

நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு புது உபகரணம் வந்துச்சு. அதைப் பழகுறதுக்காக, எங்க குழுவுல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு ஃப்ரீசர்ல கிடந்த பழைய மாதிரிகளை எடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. மதியம் வந்து, "அண்ணா, இதுல ஒரு எடைக்கு ரெண்டு பீக் வருது, நான் எதாவது தப்பா பண்ணிட்டேனா?"ன்னு கேட்டாங்க. அவங்க தப்புப் பண்ணல. நான்தான் பண்ணியிருந்தேன். அந்தக் குப்பியில இருந்தது பெரும்பாலும் தப்பான முடிச்சு. சரியான முடிச்சு கொஞ்சமே கொஞ்சம். அப்புறம் மூணு விதத்தையும் தனித்தனியா செஞ்சு சோதிச்சாங்க. அதுல ஒண்ணு நல்லாவே ஒட்டுச்சு.

இதுக்குச் சினிமா கிளைமாக்ஸ் எதுவும் இல்லை. அந்த மூலக்கூறு மருந்தா வரல, வேற காரணத்தால பின்னாடி நின்னுபோச்சு. ஆனா எனக்குப் புரிஞ்சது ஒண்ணு. வேலை செய்யாத மருந்தைத் தப்பா தேர்ந்தெடுத்தா, அடுத்த சோதனையில யாராவது கண்டுபிடிப்பாங்க. வேலை செய்யக்கூடிய ஒண்ணைத் தப்பா தூக்கிப் போட்டா, யாருக்குமே தெரியாது. நிராகரிச்ச மூலக்கூறு வந்து புகார் கொடுக்காது.

தராசு எப்படி வேலை செய்யுது?

அந்தப் புது உபகரணம் என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி, பழைய தராசைக் கொஞ்சம் பார்த்துடுவோம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை போடணும்னா, மூலக்கூறுக்கு மின்னூட்டம் இருக்கணும், அது வாயுவா பறக்கணும். சின்ன மூலக்கூறுன்னா சூடு பண்ணிப் பறக்க விடலாம். பெப்டைடைச் சூடு பண்ணினா கருகிப் போகும். ரொம்ப காலம் இதுதான் முட்டுக்கட்டை.

அதை ரெண்டு பேர் ரெண்டு வழியில உடைச்சாங்க. அமெரிக்காவுல ஜான் ஃபென், பெப்டைடு கரைசலை உயர் மின்னழுத்தத்துல மெல்லிய சாரலா தெளிச்சார். துளி காயக் காய, மின்னூட்டத்தோட மூலக்கூறு மட்டும் மிச்சம். ஜப்பான்ல ஷிமாட்ஸு நிறுவனத்துப் பொறியாளர் கோயிச்சி தனாகா லேசரைப் பயன்படுத்தினார். 1985-ல தவறுதலா கோபால்ட் தூளோட கிளிசரினைக் கலந்துட்டார். வீணாக்க மனசு வராம அதையே சோதிச்சுப் பார்த்தார். அதுதான் வேலை செஞ்சது. அவர் படிச்சது இளநிலைப் பட்டம், மின் பொறியியல். ரெண்டு பேருக்கும் 2002-ல வேதியியல் நோபல்.

இதுல ஒரு அழகு இருக்கு. அந்த வருஷப் பரிசுல பாதியைத்தான் இவங்க ரெண்டு பேரும் பகிர்ந்துக்கிட்டாங்க. மறு பாதி குர்ட் வூத்ரிச்சுக்கு. என்.எம்.ஆர். முறையில, கரைசல்ல இருக்கிற புரதத்தோட முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடிச்சதுக்காக. ஒரே பரிசுல ஒரு பாதி எடைக்கு, ஒரு பாதி உருவத்துக்கு. என்.எம்.ஆர். துல்லியமானது, ஆனா மாதிரி நிறைய வேணும், நேரமும் நிறைய வேணும். நூத்துக்கணக்குல பெப்டைடு வரிசையில நிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் அது கட்டுப்படியாகாது.

ரங்கநாதன் தெருவுல குடை

இப்போ அந்தப் புது உபகரணம். பேரு அயனி நகர்வு நிறமாலை. இங்கிலீஷ்ல அயான் மொபிலிட்டி.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, தி.நகர் ரங்கநாதன் தெரு. ஒரே எடை உள்ள ரெண்டு பேர் ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு நடக்குறாங்க. ஒருத்தர் கையைக் கட்டி, பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறார். இன்னொருத்தர் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போறார். யார் முதல்ல போவாங்க? குடைக்காரர் எல்லார் மேலயும் மோதுவார். லேட்டாத்தான் வருவார்.

அயனி நகர்வுல நடக்கிறதும் இதுதான். நைட்ரஜன் மாதிரி ஒரு வாயு நிரம்பின குழாய்க்குள்ள, மின்புலம் பெப்டைடு அயனிகளை இழுக்குது. சுருண்டு கச்சிதமா இருக்கிறது குறைவா மோதி முதல்ல வருது. விரிஞ்சு கிடக்கிறது பின்னாடி வருது. வந்து சேர்ற நேரத்தை வச்சு, அந்த மூலக்கூறு மோதலுக்கு எவ்வளவு பரப்பைக் காட்டுதுன்னு கணக்கிடலாம். குழாயோட கடைசியில வழக்கமான தராசு. ஆக, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ரெண்டு எண் கிடைக்குது: எடை ஒண்ணு, பருமன் ஒண்ணு. கோளமும் ரிப்பனும் ஒரே எடை, ஆனா வேற வேற நேரம். அந்தப் பொண்ணு பார்த்த ரெண்டு பீக் இதுதான்.

அமினோ அமிலம் ஒண்ணு கண்ணாடியில தெரியிற பிம்பம் மாதிரி திரும்பிப் போயிருந்தாலும், அதாவது எல் வடிவத்துக்குப் பதிலா டி வடிவம் வந்துட்டாலும், எடை மாறாது. மடிப்பு மாறலாம். அதையும் பல நேரம் இது காட்டிக்கொடுத்துடும்.

வேகம் எங்கே இருந்து வருது?

வழக்கமான முறையில, மாதிரியை முதல்ல ஒரு நீளமான காலம் வழியா செலுத்தி, கலவையைப் பிரிச்சு, அப்புறம் எடை போடுவோம். ஒரு மாதிரிக்கு 20 நிமிஷம்னு வச்சுக்குங்க. ஒரு பிளேட்டுல 384 குழி. பெருக்கிப் பார்த்தா 128 மணி நேரம். அஞ்சு நாளுக்கும் மேல, ராத்திரி பகலா.

இப்போ ஒலியை வச்சே துளியைத் தூக்குற முறை வந்திருக்கு. பிளேட்டுக்கு அடியில இருந்து ஒரு ஒலித் துடிப்பு. குழியில இருந்து 2.5 நானோலிட்டர் துளி மேல எகிறும். மேல ஓடிக்கிட்டிருக்கிற கரைப்பான் அதைப் பிடிச்சு மெஷினுக்குள்ள கொண்டுபோகும். ஒரு சொட்டுத் தண்ணி 50 மைக்ரோலிட்டர்னா, அதுல இந்த மாதிரி 20,000 துளி போடலாம். ஊசி இல்லை, குழாய் கழுவுற வேலை இல்லை. ஒரு மாதிரிக்கு ஒரு செகண்டு அளவுல ஓட்ட முடியும். 384 குழிக்கு 384 செகண்டு, ஆறரை நிமிஷம்கூட இல்லை. டீ ஆறுறதுக்குள்ள பிளேட் முடிஞ்சிரும்.

ஆனா ஒரு சிக்கல். காலத்தை எடுத்துட்டா, பிரிக்கிற வேலையும் போச்சு. ஒரே எடை உள்ளதெல்லாம் ஒண்ணா வந்து விழும். மறுபடியும் என்னோட பழைய டிக் கதைதான். இங்கேதான் அயனி நகர்வு கைகொடுக்குது. காலம் பிரிக்க நிமிஷக் கணக்கு ஆகும். அயனி நகர்வு பிரிக்கிறது மில்லிசெகண்டு கணக்குல. வேகமா மாதிரியை உள்ளே அனுப்புற முறையோட இதைச் சேர்த்தா, வேகமும் போகாது, முடிச்சும் தெரியும்.

கனநீரில் நனைச்சுப் பார்க்கிறது

இன்னொரு வழியும் இருக்கு, அது இன்னும் நுணுக்கம். சுருட்டி வச்ச துண்டை ஒரு செகண்டு தண்ணியில முக்கி எடுங்க. வெளிப்பக்கம் நனையும், உள்மடிப்பு காய்ஞ்சே இருக்கும். எங்கே நனைஞ்சிருக்குன்னு பார்த்தா, எப்படிச் சுருட்டியிருந்ததுன்னு சொல்லிடலாம்.

இங்கே தண்ணிக்குப் பதிலா கனநீர். கல்பாக்கம் அணு உலையில பயன்படுத்துற அதே கனநீர்தான். அதுல ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் இருக்கும். சங்கிலியோட முதுகெலும்புல இருக்கிற ஹைட்ரஜன்கள் சுத்தி இருக்கிற தண்ணியோட இடம் மாத்திக்கிட்டே இருக்கும். கனநீர்ல போட்டா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடை 1 டால்டன் கூடும். வெளியே தெரியிற இடம் செகண்டுகள்ல மாறும். மடிப்புக்குள்ள ஒளிஞ்ச இடம் மணிக்கணக்கா மாறாம நிக்கும். உருவத்தை எடையா மொழிபெயர்த்தாச்சு. தராசுக்குப் புரியிற பாஷை.

குட்டிப் பெப்டைடுகள் பல நேரம் தண்ணியில ஆடிக்கிட்டே இருக்கும், எல்லா இடமும் சீக்கிரம் நனைஞ்சுடும். அதனால மருந்துக் கண்டுபிடிப்புல இதை அதிகமா இலக்குப் புரதத்துமேலதான் பயன்படுத்துறோம். பெப்டைடு இல்லாம ஒரு தடவை, பெப்டைடோட ஒரு தடவை. எந்த இடம் திடீர்னு நனையாம போகுதோ, பெரும்பாலும் அங்கேதான் பெப்டைடு உட்கார்ந்திருக்கு. சில நேரம் ஒட்டினது ஒரு இடம், இறுகினது வேற இடமாவும் இருக்கும். அதனால நிதானமாத்தான் படிக்கணும்.

நேரம்தான் இதுல எதிரி. பி.எச். 2.5-க்கு இறக்கி, பனிக்கட்டிக் குளிர்ல வச்சா மாற்றம் கிட்டத்தட்ட நிக்கும், முழுசா நிக்காது. அதுக்குள்ள பெப்சின் என்சைமால புரதத்தைத் துண்டாக்கி, பிரிச்சு, எடை போட்டாகணும். அஞ்சு நேரப் புள்ளி, ஒவ்வொண்ணும் மூணு தடவை, பெப்டைடோடவும் இல்லாமலும். ஒரே ஒரு கேள்விக்கு 30 ஓட்டம். கையால செஞ்சா ஒருத்தர் தும்மினாக்கூட கணக்கு மாறும். இப்போ குளிரூட்டின மேடையில ரோபோ செய்யுது. ராத்திரி போட்டுட்டுக் காலையில வந்து பார்க்கலாம்.

தராசுக்குத் தெரியாதது

இவ்வளவு சொல்லிட்டு, குறையைச் சொல்லாம விடக்கூடாது. அயனி நகர்வுல பெப்டைடு பறக்கிறது வாயுவுல. உடம்புல அது இருக்கிறது தண்ணியில. பறக்கும்போது உருவம் கொஞ்சம் மாறலாம். ரெண்டு வேற உருவம் தற்செயலா ஒரே பருமனைக் காட்டவும் செய்யும். பீக் ஒண்ணுதான் வருதுங்கிறதாலயே முடிச்சு ஒண்ணுதான்னு சத்தியம் பண்ண முடியாது. அதனால இதை வடிகட்டின்னு சொல்லலாம், தீர்ப்புன்னு சொல்லக் கூடாது. ஆயிரத்தை நூறாக்கும், நூறைப் பத்தாக்கும். அந்தப் பத்தை என்.எம்.ஆர்., எக்ஸ்ரே படிகவியல்னு நிதானமான முறைகள்கிட்ட ஒப்படைக்கணும்.

கடைசியா, லேபுக்கு வெளியே இருக்கிற உங்களுக்கு ஒண்ணு. இப்போ இணையத்துல 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு லேபிள் ஒட்டி, ஜிம்முக்குப் போற பசங்களைக் குறிவச்சுப் பெப்டைடு குப்பிகள் விக்கிறாங்க. கூடவே ஒரு சான்றிதழ். மாஸ் ஸ்பெக் எடை சரி, தூய்மை 98 சதவீதம், பச்சைக் கலர்ல டிக். அந்த டிக்கை நான் போட்டிருக்கேன், அதனால சொல்றேன். அது சொல்றது, குப்பியில அந்த எடையில ஏதோ இருக்குன்னு மட்டும்தான். முடிச்சு சரியான்னு சொல்லாது. எல்-க்குப் பதிலா டி வந்திருக்கான்னு சொல்லாது. கிருமி இல்லைன்னோ, பாக்டீரியா நச்சு இல்லைன்னோ சொல்லவே சொல்லாது. அதுக்கெல்லாம் தனித்தனிச் சோதனை இருக்கு. எடை சரியா இருக்கிற ஒரு பொருளை உடம்புக்குள்ள ஏத்துறதுக்கு எடை மட்டும் காரணமா இருக்கக் கூடாது.

என் மேசையில இன்னைக்கும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கு. அந்தப் பழைய மாதிரியோட எண். பக்கத்துல நான் போட்ட டிக். புதுசா யாராவது சேர்ந்தா, முதல் நாள் அதைக் காட்டிட்டு, "எடை சரின்னு வந்தா அடுத்து என்ன கேட்கணும்?"னு கேட்பேன்.

உங்களுக்கு இப்போ பதில் தெரியும்.

பாக்கெட்டுல இருக்கிற இயர்போனைச் சிக்கு எடுத்து வைங்க. அடுத்த எபிசோடுல கேட்கலாம்.